மெனுக்கள் ஒன்றோடொன்று பேசக் கூடாது

பட்டா, சிட்டா பார்க்கத் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தைத் திறப்பவர் அடுத்தடுத்து மூன்று பட்டியல்களைக் கடந்தாக வேண்டும்: மாவட்டம், வட்டம், கிராமம். பார்வைக்கு மூன்றும் தனித்தனிப் பெட்டிகள். ஆனால் மேலே உள்ளதைத் தொட்டால் கீழே உள்ளவை சும்மா இருக்க முடியாது. மாவட்டப் பெட்டியில் கள்ளக்குறிச்சியைத் தேர்ந்ததும் வட்டப் பெட்டியில் சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், கல்வராயன்மலை என இந்த மாவட்டத்து வட்டங்கள் மட்டுமே வந்து நிற்க வேண்டும். முன்பு அங்கே வேறு மாவட்டத்து வட்டம் ஏதாவது தேர்வாகி இருந்தால் அது அகல வேண்டும். கிராமப் பெட்டி காலியாக வேண்டும். புல எண்ணைத் தட்டியிருந்தால் அதற்கும் இனி பொருள் இல்லை. அசைவு எதுவும் இல்லாத, வெறும் மூன்று பெட்டிகள் கொண்ட பக்கத்திலேயே இத்தனை ஒழுங்கு தேவைப்படுகிறது. இதோடு மேலே ஒரு மெனுப் பட்டை, பக்கவாட்டில் சறுக்கி வரும் இன்னொன்று, நடுவே படங்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஸ்லைடர், தொட்டால் விரியும் வரைபடம் என்று சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? தனித்தனியாக உருவாக்கப்பட்ட இந்தப் பாகங்களை ஒன்றுக்கொன்று முரண்படாமல் நடக்க வைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கேள்வியைக் கேட்டவுடன் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும் விடை, அவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பது. இந்த மெனு திறக்கும்போது அந்த மெனுவுக்குச் சேதி அனுப்பு, அது மூடிக்கொள்ளட்டும். இயல்பான யோசனைதான், ஆனால் தவறான யோசனை என்பது என் வாதம். மெனுக்கள் ஒன்றையொன்று அறியவே கூடாது. பார்வையாளர் இப்போது எங்கே இருக்கிறார், எது திறந்திருக்கிறது என்கிற உண்மை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மெனுவும் அந்த உண்மையைப் பார்த்துத் தன்னை வரைந்துகொள்ள வேண்டும்; பயனர் தொட்டால், தொட்டதை அந்த ஓரிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. அசைவு என்பது அந்த உண்மை மாறியதைக் கண்ணுக்குக் காட்டும் விதம். உண்மையை மாற்றும் உரிமை அசைவுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்வராயன் மலையை அறிமுகப்படுத்தும் ஒரு தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மேலே தலைப்பு மெனு. இடப்பக்கம் ஊர்ப் பட்டியல். நடுவில் மலையின் வரைபடம். வெள்ளிமலை மீது விரல் வைத்தால் சாலைகள் விரியும், கோமுகி அணை மீது வைத்தால் ஆறு ஓடத் தொடங்கும். கீழே மேகம், பெரியார், கவியம் நீர்வீழ்ச்சிகளின் ஸ்லைடர். மூலையில் ஒரு தேடல் பெட்டி. இன்னொரு மூலையில் தமிழ், ஆங்கிலம் மாற்றும் பொத்தான். ஆக ஆறு பாகங்கள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்துக்கும் தனித்தனியே சேதி சொல்ல வேண்டுமென்றால் வழிகள் 30. ஏழாவதாக ஒரு மெனுவைச் சேர்த்தால் 42. எட்டாவது வந்தால் 56. எல்லாரும் ஒரு நடுவிடத்தோடு மட்டும் பேசினால் எட்டுப் பாகங்களுக்கு எட்டு இணைப்புகள் போதும். இந்த வாதம் பாடநூல்களில் வழக்கமாக வருவது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு கணக்கு. ஒவ்வொரு பாகமும் தான் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைத் தனக்குள் குறித்து வைத்தால் ஆறு பாகங்களுக்கு 64 சேர்க்கைகள் உண்டாகும். அசைவு வந்துவிட்டால் ‘திறந்துகொண்டிருக்கிறது’, ‘மூடிக்கொண்டிருக்கிறது’ என்று இன்னும் இரண்டு நிலைகள் சேரும், சேர்க்கைகள் 4,096. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கலாம் என்பது நம் விதியானால், இவற்றில் நமக்குத் தேவையானவை ஏழே ஏழு: எதுவும் திறக்கவில்லை, அல்லது ஆறில் ஏதோ ஒன்று. மிச்சமுள்ள நாலாயிரத்துச் சொச்சத்தில் சில, ஒன்று மூடுவதும் மற்றொன்று திறப்பதுமான இடைநிலைகள். பெரும்பாலானவை நடக்கவே கூடாத கோலங்கள். அவற்றைச் சேதி அனுப்பித் தடுப்பது ஒரு வழி. ‘எது திறந்திருக்கிறது’ என்று ஒரே ஒரு குறிப்பை ஓரிடத்தில் வைப்பது இன்னொரு வழி. அந்தக் குறிப்புக்கு ஏழு மதிப்புகள்தான் இருக்க முடியும். இரண்டு மெனு ஒருசேரத் திறந்திருக்கும் நிலையை அங்கே எழுதவே இடம் இல்லை. தவறு நடந்தபின் பிடிப்பதைவிட, தவறை எழுதவே முடியாதபடி செய்வது மேல்.

ஒற்றை ரயில் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளைப் பொறியாளர்கள் ஒழுங்கு செய்த விதமும் இதுதான். இரு டிரைவர்களும் ஒருவரோடொருவர் பேசி முடிவு செய்யட்டும் என்று அவர்கள் விடவில்லை. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ஒரு டோக்கன். ஒரு முனையில் ஒன்றை வெளியே எடுத்துவிட்டால் அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை இரு முனைகளிலும் அடுத்தது வராது. எதிர்முனை வண்டி எத்தகையது, யார் ஓட்டுகிறார் என்பதெல்லாம் டிரைவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. கையில் டோக்கன் இருக்கிறதா என்பது தெரிந்தால் போதும்.

சேதி அனுப்பும் வழியை உலகம் முயன்று பார்க்காமல் விட்டுவிடவில்லை. நன்றாகவே முயன்றது, ஃப்ளாஷ் காலத்தில். 1996இல் மேக்ரோமீடியா கைக்கு வந்து, 2005இல் அடோபியிடம் போன ஃப்ளாஷ், இணையப் பக்கங்களுக்கு அசைவைக் கொடுத்த பெரிய கருவி. ஒரு தளத்தின் மெனு ஒரு ஃப்ளாஷ் கோப்பாகவும், படத்தொகுப்பு இன்னொன்றாகவும், தலைப்பு மூன்றாவதாகவும் ஒரே பக்கத்தில் பதிக்கப்படுவது அன்று சாதாரணம். ஒவ்வொரு கோப்புக்கும் தனக்கென ஒரு காலக்கோடு உண்டு. ஒன்றின் ஓட்டம் மற்றதற்குத் தெரியாது. இவற்றைப் பேச வைக்க 2002இல் வந்த ஆறாம் பதிப்பில் லோக்கல்கனெக்‌ஷன் என்ற வசதி சேர்ந்தது. கேட்கும் கோப்பு ஒரு பெயரில் காதைத் திறந்து வைக்கும். சொல்லும் கோப்பு அந்தப் பெயருக்குச் சேதி போடும். பெயர் கணினி முழுவதற்கும் பொது என்பதுதான் இதில் வினை. இன்டர்நெட் சென்டர் ஒன்றில் ஒரே தளத்தை ஒருவர் இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்தால், முதல் ஜன்னலின் கோப்பு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் ஜன்னலுடையதற்குப் பெயர் மறுக்கப்படும். பிறகு இரண்டாம் ஜன்னலில் மெனுவைத் தொட்டால் பின்னால் மறைந்திருக்கும் முதல் ஜன்னலில் படம் மாறும். தொட்டவர் எதிரே ஒன்றும் நடக்காது. இன்னொரு கோளாறும் உண்டு. மெதுவான இணைப்பில் மெனு முதலில் வந்திறங்கி, படத்தொகுப்பு இன்னும் வந்துகொண்டிருக்கும்போது பயனர் தொட்டுவிட்டால், கேட்க ஆளில்லாத சேதி அப்படியே தொலைந்துபோகும். கோப்பு பின்னால் வந்து சேர்ந்தாலும் தனக்கு என்ன சொல்லப்பட்டது என்று அறிய வழியில்லை. நிலை ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தால் தாமதமாக வந்தவர் வந்தவுடன் அதைப் படித்துக்கொள்ளலாம். சேதிக்கும் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே: சேதி அந்த நொடியில் இருந்தவர்களுக்கு மட்டும், குறிப்பு எப்போது வந்தவருக்கும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து முறைப்படி தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. ஃப்ளாஷுக்கு அடோபி ஆதரவை நிறுத்தியது 2020 டிசம்பர் 31 அன்று. 2021 ஜனவரி 12 முதல் அந்தக் கோப்புகள் ஓடாதபடி தடுத்தும் விட்டது. ஆகவே இந்த மாவட்டத்தின் இணையதளத்துக்கு ஃப்ளாஷ் யுகத்தின் சுமை எதுவும் இல்லை. தேசியத் தகவலியல் மையம் மாவட்டங்களுக்கெல்லாம் பொதுவாகத் தரும் எஸ்3வாஸ் என்ற வார்ப்பில் அமைந்தது அது. அந்த வார்ப்பில் அமையும் தளங்களில் மேலே எழுத்தின் அளவையும் வண்ண வேறுபாட்டையும் மாற்றும் பொத்தான்கள், மொழி மாற்றி, தேடல், அதன் கீழே முதன்மை மெனு, அதற்கும் கீழே படங்கள் நகரும் ஸ்லைடர், பக்கத்தின் அடியில் இன்னொரு மெனு என்று பாகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். தொழில்நுட்பம் மாறிவிட்டது, சிக்கல் மாறவில்லை. பல கைகள் தனித்தனியே செய்த பாகங்கள் ஒரே பக்கத்தில் வாழ வேண்டியிருக்கிறது.

நடுவிட யோசனை ஃப்ளாஷுக்கு மூத்தது என்பது இங்கே கவனிக்கத் தக்கது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக், 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்தபோது, தரவையும் அதைக் காட்டும் காட்சியையும் பயனரின் உள்ளீட்டையும் மூன்றாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். ஒரே தரவுக்குப் பல காட்சிகள் இருக்கலாம். காட்சிகள் ஒன்றையொன்று அறிய வேண்டாம். 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விளிசிடிஸ் ஆகிய நால்வர் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் என்ற நூலில் ‘மீடியேட்டர்’ என்ற வடிவம் வருகிறது. அதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சின்னப் பெட்டி. பட்டியலில் ஓர் எழுத்துருவைத் தொட்டால் மேலே உள்ள கட்டத்தில் அதன் பெயர் வர வேண்டும். அதற்கேற்பப் பொத்தான்கள் உயிர்பெற வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம் என்ற நம் மூன்று பெட்டிகளின் அண்ணன் அது. இந்தப் பாடம் எழுதி வைக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கழித்து ஃபேஸ்புக் அதே பள்ளத்தில் விழுந்தது. படிக்காத சேதி ஒன்று இருப்பதாக மேல் பட்டையில் எண் தெரியும். தொட்டுப் பார்த்தால் புதிதாக எதுவும் இருக்காது. மேல் பட்டை, அரட்டைச் சாளரம், சேதிப் பக்கம் ஆகிய மூன்றும் அந்த எண்ணிக்கையைத் தத்தம் போக்கில் வைத்துக்கொண்டிருந்தன. சரிசெய்வார்கள், சில நாளில் திரும்ப வரும். 2014இல் ஃபிளக்ஸ் என்ற அமைப்பை அறிமுகப்படுத்தியபோது அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னது இந்தப் பிழையைத்தான். உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றையே ஒற்றை எண் இப்படி அலைக்கழித்தது.

காலம் என்ற ஒன்று உள்ளே வரும்போதுதான் விஷயம் உண்மையில் கடுமையாகிறது. மாவட்டப் பெட்டிக்குத் திரும்புவோம். எந்தத் தளமானாலும் நடக்கக் கூடியது இது. பயனர் கைதவறி விழுப்புரத்தைத் தொட்டுவிடுகிறார். பக்கம் சர்வரிடம் விழுப்புரத்து வட்டங்களைக் கேட்கிறது. அரை நொடி போவதற்குள் தவறு தெரிந்து கள்ளக்குறிச்சியைத் தொடுகிறார். இரண்டாவது கேள்வியும் போகிறது. வலுவான இணைப்பாக இருந்தால் முதல் விடை முதலிலும் இரண்டாவது பிறகும் வரும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் சிக்னல் வந்து வந்து போகும் மலைச்சரிவில் வரிசை மாறிப்போகலாம். கள்ளக்குறிச்சியின் விடை முந்திக்கொண்டு வந்து பெட்டியை நிரப்புகிறது. ஒரு நொடி கழித்து, எல்லாரும் மறந்துபோன விழுப்புரத்தின் விடை மெல்ல வந்து சேர்ந்து, இருப்பதைத் துடைத்துவிட்டுத் தன்னை எழுதுகிறது. திரையில் மாவட்டம் கள்ளக்குறிச்சி. வட்டங்களோ செஞ்சி, திண்டிவனம், வானூர், மரக்காணம். பார்ப்பவருக்குத் தன் வட்டம் எங்கே போனது என்று புரியாது. மென்பொருளில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் சொன்னதைச் செய்தது. வந்த விடை இன்னும் தேவைப்படுகிறதா என்று கேட்க இடம் இல்லாததுதான் பழுது. நடுவிடத்தில் ‘இப்போதைய மாவட்டம் கள்ளக்குறிச்சி’ என்று எழுதியிருந்தால், விழுப்புரத்தின் விடை வந்ததும் அதை ஒப்பிட்டுப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கு வந்த விடையை மட்டும் ஏற்பதும் இதே வேலையைச் செய்யும்.

அசைவும் இப்படிப்பட்ட ஒரு தாமதம்தான். ஒரு மெனு விரிய 300 மில்லி நொடி ஆகிறது என்று கொள்வோம். பாதி விரிந்திருக்கும்போது பயனர் அடுத்ததைத் தொடுகிறார். பழைய பாணியில் எழுதிய நிரல், முதல் மெனு முழுதாக விரிந்து முடியட்டும், பிறகு அதை மூடலாம், அதன் பிறகு அடுத்ததைத் திறக்கலாம் என்று வரிசை போடும். வேகமாக நாலு இடத்தைத் தொட்டவர், திரை தன்னைப் பின்தொடர்ந்து ஒவ்வொன்றாக ஆடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நிலையை முதலில் மாற்று, அசைவு பின்னால் துரத்திக்கொண்டு வரட்டும் என்ற விதியில் இது நேராது. தொட்ட கணத்தில் குறிப்பு மாறிவிடும். பாதியில் நிற்கும் மெனு, தான் இருக்கும் இடத்திலிருந்தே திரும்பி மூடத் தொடங்கும். சிஎஸ்எஸ் மொழியின் டிரான்சிஷன் என்ற வகை அசைவு இதைத் தானாகவே செய்யும். குறுக்கே நிறுத்தித் திருப்பினால், கடந்து வந்த தொலைவுக்கேற்ற நேரத்தில் திரும்பிவிடும். கீஃப்ரேம் வகை அசைவு அப்படியல்ல; இடையில் மாற்றினால் தாவிக் குதிக்கும். நிகழ்வும் நிலையும் பின்னிக்கொள்ளும் இத்தகைய அமைப்புகளை வரைந்து காட்ட டேவிட் ஹாரெல் 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறை இன்றும் நல்ல கருவி. போர் விமானம் ஒன்றின் மின்னணு அமைப்பை ஒழுங்குபடுத்தும் வேலையில் பிறந்தது அது. மெனுவுக்கு விமானக் கணக்கா என்று சிரிக்கத் தோன்றும். ஆறு மெனுவின் 4,096 சேர்க்கைகளை நினைத்துக்கொண்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

நடுவிடத்தில் எதை எழுதுவது என்பது அடுத்த கேள்வி. கல்வராயன் மலை இங்கே நல்ல வாத்தியார். மெனு என்பது பொதுவாக ஒரு மரம்: மாவட்டம் கிளை, வட்டம் சிறுகிளை, ஊர் இலை. மலை அப்படி வளரவில்லை. பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்று தெற்கும் வடக்குமாகக் கிடக்கும் இந்த மலைத்தொடரில் வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இந்தக் கோடு கண்ணில் படுவதே இல்லை. ஆனால் மாவட்டம் என்ற மெனுவில் தொடங்கினால் மலையின் ஒரு பாதிதான் கிடைக்கும். சுற்றுலா மெனு வழியாக வந்தவரும், நிர்வாக மெனு வழியாக வந்தவரும், வரைபடத்தைத் தொட்டு வந்தவரும் ஒரே வெள்ளிமலைக்குத்தான் வருகிறார்கள். எனவே நடுவிடத்தில் ‘நிர்வாகம், வட்டங்கள், கல்வராயன்மலை, வெள்ளிமலை’ என்று வந்த பாதையை எழுதினால், அது ஒரு மெனுவின் பார்வையை மற்ற மெனுக்கள் மேல் திணிப்பது. ஊரின் அடையாளத்தை மட்டும் எழுத வேண்டும். தன் மரத்தில் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு மெனுவும் தானே கண்டுபிடித்து அந்தக் கிளையை ஒளிரச் செய்யட்டும். வரைபடம் அந்தப் புள்ளிக்கு நகரட்டும். ஸ்லைடரில் அந்த ஊருக்குப் படம் இல்லையென்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மரங்கள் மாறிக்கொண்டே இருப்பவை என்பது இதற்கு வலுவான காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களெல்லாம் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ் எண்ணப்பட்டன. 2019இல் மாவட்டம் மாறியது. அதன் பிறகு வாணாபுரம் என்று புதிய வட்டமும் உருவானது. ஊர் நகரவில்லை, மேலே உள்ள பெயர்ப்பலகைதான் மாறுகிறது. பாதையை அடையாளமாகக் கொண்ட தளத்தில் ஒவ்வொரு பிரிவினையின்போதும் பழைய இணைப்புகள் அறுபடும். மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நடத்தும் உள்ளாட்சி விவரத் தொகுப்பு ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் கொடுத்திருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். அரசாணைகள் கிளையை வெட்டி வேறிடத்தில் ஒட்டலாம். எண் வைத்திருக்கும் மெனு அந்தப் புதிய மரத்தைப் படித்துக்கொண்டு வேலையைத் தொடரும்.

இனி மறுப்புகள். இரண்டே மெனு உள்ள சின்னத் தளத்துக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டு பாகங்களுக்கு நடுவே இரண்டே சேதிவழிதான். நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும், குடி முழுகிவிடாது. மூன்றாவது வந்தால் ஆறு வழி ஆகிறது, அப்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தளங்கள் சின்னதாகவே இருப்பதில்லை. தேர்தல் வந்தால் ஒரு மெனு சேரும், மழை வெள்ளம் வந்தால் ஒன்று சேரும், புதுத் திட்டம் வந்தால் இன்னொன்று. சேர்ந்தவை பெரும்பாலும் நீங்குவதில்லை.

நடுவிடம் என்று ஒன்றை வைத்தால் எல்லாரும் தங்கள் சுமையை அங்கேயே கொண்டுவந்து கொட்டுவார்கள், கடைசியில் யாராலும் தொட முடியாத பூதமாக அது வளர்ந்துவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நடந்திருக்கிறது, மீடியேட்டர் வடிவத்தைப் பரிந்துரைத்த அந்த நால்வருமே இந்த ஆபத்தைச் சொல்லியிருக்கிறார்கள். விடை, எதை அங்கே வைக்கக் கூடாது என்பதில் கறாராக இருப்பது. இரண்டு பாகங்களுக்கு மேல் தேவைப்படும் உண்மை மட்டுமே அங்கே போக வேண்டும். மவுஸ் மேலே போனதும் ஒரு வரி நிறம் மாறுவது அந்த மெனுவின் சொந்த விவகாரம். துணை மெனுவை நோக்கி மவுஸ் குறுக்காக நகரும்போது இடையில் உள்ள வேறு வரியைத் தொட்டுவிட்டால் துணை மெனு மறைந்துவிடும் என்பது பழைய தொல்லை. 1980களிலேயே ஆப்பிள் மேக்கின்டாஷ் மெனுக்களில் புரூஸ் டாக்னசினி இதற்கு வழி கண்டார். அமேசான் தளம் மவுஸ் இருக்கும் இடத்துக்கும் துணை மெனுவின் இரு மூலைகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத முக்கோணம் ஒன்றைக் கணக்கிட்டு, அதற்குள் நகரும்வரை மெனுவை மூடாமல் வைத்தது. அந்த முக்கோணக் கணக்கு நடுவிடத்துக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கைபேசியில் மவுஸே இல்லாததால் அந்தக் கணக்குக்கே அங்கே வேலையில்லை.

அசைவையே எடுத்துவிட்டால் என்ன, அரசுத் தளத்துக்கு ஆட்டம் எதற்கு என்கிறவர்களுக்கு நான் முக்கால் பங்கு உடன்படுகிறேன். தானாக ஓடும் அசைவு ஐந்து நொடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தப் பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிகளில் 2008 முதலே இருக்கிறது; 2009இல் வந்து 2023இல் மூன்றாம் பதிப்பு கண்ட இந்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகள் அவற்றைத் தழுவியவை. அசையும் திரையைப் பார்த்தால் தலைசுற்றுபவர்கள் உண்டு. தங்கள் கைபேசியில் ‘அசைவைக் குறை’ என்று அவர்கள் அமைத்திருந்தால் பக்கம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் மறுப்பின் கடைசிக் கால்பங்கு பிசகுகிறது. அசைவை எடுத்துவிட்டால் ஒருங்கிணைப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது அதன் உள்ளெண்ணம். பட்டாப் பக்கத்தின் மூன்று பெட்டிகளில் ஆட்டம் எதுவும் இல்லை. சிக்கல் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் வாதம் எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. நிலையை அசைவோடு கட்டிவைத்த தளத்தில் அசைவை நிறுத்தினால், ‘அசைவு முடிந்ததும் இதைச் செய்’ என்று காத்திருந்த நிரல்கள் காத்துக்கொண்டே இருக்கும், மெனு திறக்காது. நிலை தனியாக இருக்கும் தளத்தில் அசைவை ஒரே வரியில் அணைத்துவிடலாம்.

இதையெல்லாம் பிரவுசரே இப்போது செய்துவிடுகிறதே என்பது கடைசி மறுப்பு. உண்மைதான். பாப்ஓவர் என்ற புதிய வசதியில் ஒன்றைத் திறந்தால் அதே வகையில் திறந்திருந்த மற்றது தானே மூடும்; வெளியே தொட்டாலும் எஸ்கேப் விசையை அழுத்தினாலும் மூடும். விரிந்து மூடும் பத்திகளுக்கு ஒரே பெயரைச் சூட்டினால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். ஆனால் பிரவுசருக்குத் தெரிந்தது எந்தப் பெட்டி திறந்திருக்கிறது என்பது மட்டும். வெள்ளிமலை தேர்வானால் வரைபடம் நகர வேண்டும், பட்டியல் ஒளிர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. திறப்பது, மூடுவது என்ற வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, பார்வையாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்ற குறிப்பை நாம் வைத்துக்கொள்வதுதான் இன்றைய சரியான பங்கீடு.

அந்தக் குறிப்பை வைக்கச் சிறந்த இடம் பெரும்பாலும் பக்கத்தின் முகவரியேதான். முகவரியில் ஊரின் எண் இருந்தால், ஒருவர் அதை வாட்ஸப்பில் அனுப்பினால் மற்றவர் அதே ஊரில் இறங்குவார். மொழியை மாற்றினாலும் முகப்புக்குத் துரத்தப்படாமல் அதே ஊரிலேயே நிற்பார். கைபேசியின் பின்செல் பொத்தானும் ஒழுங்காகும். அதில் மட்டும் ஒரு தீர்மானம் தேவை. ஊர் மாறினால் முகவரி மாற வேண்டும்; பின்செல் பொத்தான் முந்தைய ஊருக்குப் போகும். மெனு திறந்ததும் மூடியதுமெல்லாம் முகவரியில் ஏறினால், நாலு மெனுவைத் திறந்து பார்த்தவர் வெளியேற எட்டு முறை பின்னால் போக வேண்டியிருக்கும். ஆனால் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு விரியும் கைபேசி மெனுவை மூட மக்கள் இயல்பாக அழுத்துவது பின்செல் பொத்தானைத்தான்; முகவரியில் அது ஏறாவிட்டால் மெனு மூடுவதற்குப் பதில் தளமே மூடிக்கொள்ளும். ஆகவே திரையை முழுதாக மறைக்கும் மெனுவுக்கு மட்டும் வரலாற்றில் ஓர் இடம், மற்றவற்றுக்கு இல்லை என்று பிரிப்பதே நடைமுறையில் சரிப்படுகிறது. இந்த விதியையும் நடுவிடத்தில் ஒருமுறை எழுதினால் போதும். அதை எந்த மெனுவுக்கும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.